தம்பி கொடுத்த ரத்தம்

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலிலிருந்து கேட்கிறார்கள். எப்படி ஆரம்பித்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லையே, இப்போது என்ன சாப்பிடுகிறாய். ஒவ்வொருவருக்கும் சொல்லி அலுத்துவிட்டது. வாய்ப்புண் ஆறிய பிறகும் நீளமாகப் பேசினால் நாக்கு இழுக்கிறது. அதனால் ஒரு தரம் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். இனி யார் கேட்டாலும் இதைப் போனில் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர். அதாவது விடுப்பு எடுத்தால் சம்பளம் கிடையாது. வீடு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில். அம்மா, நான், தம்பி பிரிட்டோ. அப்பா தவறி வெகுகாலம் ஆகிறது. பெரியக்கா ஜெசிந்தாவைத் தரங்கம்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பிரிட்டோ குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறான். அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுவான். அப்போது அவனைக் கையில் பிடிக்க முடியாது. ஊர் ஊராகப் போய்விடுவான்.

சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரம். வகுப்பில் ஹீமோகுளோபின் நடத்திக்கொண்டிருந்தேன். நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்கிவைக்கிற புரதம் அது, நடுவில் இரும்பு. இதைச் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு மாடி ஏறினால் எனக்கே மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். ரத்தசோகை என்று நானே முடிவு கட்டி, நானே இரும்புச் சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அம்மா தன் பங்குக்கு வீட்டில் முருங்கைக்கீரையைத் தவிர வேறு எதையும் ஆக்கவில்லை.

பிறகு தொடையில் நீலத் திட்டுகள் வந்தன. எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை. பல் துலக்கினால் ரத்தம். கணுக்காலில் கொசுக்கடி போலச் சிவப்புப் புள்ளிகள். பிரிட்டோ ஒரு நாள் என் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கொசு கடிச்சா சொறியத் தோணும்க்கா. நீ சொறியவே இல்லையே. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து இன்னொரு தரம் எடுத்தார்கள். முதல் முடிவை அவர்களாலேயே நம்ப முடியவில்லையாம். ரத்தத்தில் மூன்று வகை அணுக்கள். சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும். வெள்ளையணு கிருமியோடு சண்டை போடும். தட்டணு, அதாவது பிளேட்லெட், காயத்தில் ரத்தம் உறைய உதவும். ஒன்று குறைந்தால் ஒரு காரணம் சொல்லலாம். எனக்கு மூன்றும் குறைந்திருந்தன. இதை என் மாணவிகளுக்குத் தேர்வுக் கேள்வியாகக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு விடை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ரத்தம் வேண்டுமென்றால் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம். பங்காளி வீட்டு ஆண்கள், அப்பா வழிச் சொந்தக்காரர்கள், லோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவார்கள். வராதவனைத்தான் பிறகு கல்யாண வீட்டில் வைத்துக் கேட்பார்கள். அவர்கள் கொடுக்கிற ரத்தம் ரத்த வங்கியில் சேரும். நோயாளிக்கு வங்கியிலிருந்து வேறு யாருடையதோ வரும். இதுதான் வழக்கம். பிரிட்டோ இதற்கு ஒப்பவில்லை.

"யாரோ எவரோ குடுத்தத எங்க அக்காவுக்கு ஏன் ஏத்துறீங்க? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல. எனக்கு ஓ பாசிட்டிவ், அது எல்லாருக்கும் ஒத்துக்கும். கூடப்பொறந்தவன் ரத்தம் சார். போனதும் ஒட்டிக்கும்."

எனக்கு பி பாசிட்டிவ். ஓ வகை சேரும் என்பதால் அங்கிருந்தவர்களும் சரியென்றுவிட்டார்கள். நோய் இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியாது. பிரிட்டோ தான் கொடுத்த ரத்தப் பையின் மேல் என் பெயரை எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான். கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு ஒரு படம் எடுத்து, "அக்காவுக்காக" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். சித்தப்பா முதற்கொண்டு எல்லாரும் கும்பிட்டு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் ஸ்டேட்டஸ் மறைந்ததும் அதையே டிபி-யாக வைத்துக்கொண்டான்.

அந்தப் பை சொட்டுச் சொட்டாக இறங்கியபோது எனக்கும் தெம்பாகத்தான் இருந்தது. தம்பி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோய் எதிர்ப்புப் பாடமும் கல்லூரியில் நான்தான் நடத்துகிறேன். படுக்கையில் கிடக்கும்போது பாடம் எங்கே ஞாபகம் வருகிறது? தம்பி வந்துவிட்டான், இனிப் பயமில்லை என்றுதான் தோன்றியது.

பிறகு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனாலும் உள்ளிருந்து உறிஞ்சும் அந்த ஒரு நொடிக்கு மருந்து கிடையாது. கத்திவிட்டேன். வெளியே அம்மா ஜெபமாலையை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டினாளாம்.

முடிவு வர நாளாயிற்று. வந்தபோது டாக்டர் நோயின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஏபிளாஸ்டிக் அனீமியா. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்துக்கு நாற்றங்கால். அங்கே ஸ்டெம் செல் என்கிற குருத்தணுக்கள் இருக்கின்றன. அவை தம்மைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும். தேவைப்பட்டால் சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ தட்டணுவாகவோ மாறியும் போகும். ஆயுள் முழுக்க ரத்தம் ஊறுவது இதனால்தான். என் நாற்றங்காலில் நாற்று இல்லை. அந்த இடத்தில் வெறும் கொழுப்பு. என் உடம்பின் காவல்படையே அந்தக் குருத்தணுக்களை எதிரி என்று நினைத்து அழித்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றார்.

"கேன்சர் இல்லைல்ல சார்?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். டாக்டர் அவள் முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, "அதுக்குக் கொறஞ்சதும் இல்லம்மா. சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சென்னை ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். எழுத எனக்குச் சக்தியில்லை. ஒரே நிறத்தில் நாற்காலிகள், சத்தமில்லாமல் ஓடும் டிவி, முகக்கவசத்துக்கு மேல் தெரியும் கண்கள். பெயரைக் கூப்பிட்டால் ஒருவருக்கு நாலு பேர் எழுந்திருப்பார்கள். செலவுக் கணக்கையும் இங்கே எழுதப் போவதில்லை. அரசுக் காப்பீடு ஒரு பகுதியைத் தாங்கியது. மீதியை யார் யார் எப்படித் தாங்கினார்கள் என்பது அவரவருக்குத் தெரியும். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் தலை நிமிரவில்லை.

எனக்கு இருந்த ஒரே நல்ல வழி, வேறொருவருடைய குருத்தணுக்களை வாங்கி என் எலும்பில் நட்டுவிடுவது. எல்லாருடையதும் சேர்ந்துவிடாது. நம் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் ஓர் அடையாளம் இருக்கிறது. அதை எழுதிவைத்திருக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. அப்பாவிடம் இரண்டு தொகுதி, அம்மாவிடம் இரண்டு தொகுதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வரும். எது வரும் என்பது கரு உண்டாகும் நேரத்துக் குலுக்கல். ஆகவே உடன்பிறந்த ஒருவரோடு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு இதை எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். அந்தக் கட்டங்களில் அக்காவையும் தம்பியையும் வைத்துப் பார்க்க நேரும் என்று யார் கண்டது?

இருவருக்கும் பரிசோதனை செய்தார்கள். பெரியக்கா பாதிதான் பொருந்தினாள். பிரிட்டோ முழுக்கப் பொருந்தினான். சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைச் சொன்னதும் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எனக்கு அப்பவே தெரியும் மேடம்."

டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு எல்லாரிடமும் கேட்கும் கேள்வி போலக் கேட்டார். "இதுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்க யாராச்சும் இவங்களுக்கு நேரா ரத்தம் குடுத்திருக்கீங்களா?"

"நான்தான் மேடம் குடுத்தேன்! முதல் பாட்டிலே என்னோடதுதான்." படத்தைக் காட்டுவதற்காகப் போனை எடுத்தான்.

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். எனக்கு அந்தக் கணத்தில் பாடம் ஞாபகம் வந்துவிட்டது.

"தம்பி, கவனிச்சுக் கேளுங்க. பெரிய அடையாளமெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா சின்னச் சின்ன அடையாளம் வேற நெறைய இருக்கு. நீங்க ஆம்பள, அவங்க பொம்பள, அதுலயே ஒரு வித்தியாசம் இருக்கு. அந்த ஒரு பாட்டில் வழியா அவங்க உடம்பு உங்க செல்ல ஏற்கெனவே பாத்துருச்சு. அன்னியம்னு ஞாபகம் வச்சிருந்தா, இப்ப நீங்க குடுக்கிற ஸ்டெம் செல்ல உள்ள விடாம அழிச்சிடலாம். இந்த நோய்ல அதனாலதான் கூடப்பொறந்தவங்க ரத்தத்த ஏத்த வேணாம்னு சொல்றது."

"அழிச்சிட்டா?"

"இன்னொரு தரம் செய்றது ரொம்பக் கஷ்டம். எல்லாருக்கும் அப்படி ஆகுறதில்ல. கூடுதலா மருந்து குடுப்போம். எலும்புலேருந்து எடுக்கலாம்னு இருந்தேன். இப்ப வேணாம், ரத்தத்துலேருந்து எடுத்தா செல் அதிகமா கெடைக்கும். அவங்களுக்கு முழுசா சேர்ற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

பிரிட்டோ போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். சாயங்காலம் பார்த்தால் டிபி-யில் அவன் படம் இல்லை. வேளாங்கண்ணி மாதா இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை என்று சொன்னால் பொய். அன்புக்கு ஏன் இத்தனை அவசரம் என்று ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவனும் முகம் கொடுக்கவில்லை. பிறகு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் நானே போய் உட்கார்ந்தேன்.

"தெரியாமத்தானடா செஞ்ச."

"தெரியாம செஞ்சாலும் செஞ்சதுதானக்கா. யூரியாவ அளவு தெரியாமக் கொட்டிட்டா பயிரு கருகாம விட்டுருமா?"

அவன் தோளில் சாய்ந்துகொண்டேன். இருவருமே அழுதோம்.

தை பிறக்கப் போகிற சமயம். ஊரில் சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. அவனுடைய நெல்லை அவன் அறுக்கவில்லை. மெஷினை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். செல்கள் எலும்பைவிட்டு ரத்தத்துக்கு இறங்கி வருவதற்காக அவனுக்குத் தினமும் ஊசி போட்டார்கள். இடுப்பும் முதுகும் கடுத்ததாம். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். பிறகு ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, அதில் குருத்தணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை இன்னொரு கை வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். வீடியோ காலில் அவன் என்னிடம் காட்டினான்.

"நம்ம அறுப்பு மெஷினேதான்க்கா. நெல்ல வச்சிக்கிட்டு வைக்கோல வெளிய தள்ளுது."

அதற்குள் எனக்குக் கடுமையான மருந்துகள் கொடுத்து, என் உடம்பின் காவல்படையை அடக்கிவிட்டிருந்தார்கள். தனி அறை. அம்மா ஒருத்திக்குத்தான் உள்ளே அனுமதி. தம்பியின் செல்கள் வந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாதாரண ரத்தப் பை போல, தக்காளி ரசம் நிறத்தில், கொஞ்சம்போல இருந்தது. கழுத்துப் பக்கக் குழாயில் மாட்டிவிட்டார்கள். அவை தாமாகவே எலும்புக்கு வழி கண்டுபிடித்துப் போகும். பாடத்தில் படித்தபோது வியப்பாக இருந்த விஷயம். இப்போது, போய்ச் சேருங்கள், தயவுசெய்து போய்ச் சேருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. முடி கொட்டியது. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்குவதற்கே மனதைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். அம்மா வாடகைக்கு எடுத்த அறையில் கஞ்சியைக் குக்கரில் வேகவைத்துச் சூடாறாமல் கொண்டுவருவாள். தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி ஆறவைப்பது, பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டெடுப்பது எல்லாம் பிரிட்டோ என்று அம்மா சொன்னாள். ஆனால் என் அறைக் கண்ணாடி வரைகூட அவன் வரவில்லை. தான் கிட்டே வந்தால் என் உடம்பு தன்னை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று பயந்தானாம். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

தினமும் காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள். வெள்ளையணு எண்ணிக்கை ஏறினால் தம்பியின் செல்கள் வேர்பிடித்துவிட்டன என்று அர்த்தம். ஏறாவிட்டால் என் உடம்பு அவற்றைத் துரத்திவிட்டது. அம்மா நர்ஸைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "வெள்ள ஏறிச்சா சிஸ்டர்?" அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். மறுநாளும் அதே கேள்வி, அதே தலையாட்டல். எதிர்பார்த்த நாள் வந்தது, போனது. டாக்டரம்மா பொறுப்போம் என்றார். அம்மா அன்றைக்குத் தன் கஞ்சியைத் தொடவில்லை.

பெரியக்கா போனில் கூப்பிட்டாள். அம்மா என் காதில் வைத்தாள்.

"ஏய், தைரியமா இரு. எங்க பக்கம் கடமடை. ஆத்துல தண்ணி வுட்டா எல்லா ஊரும் குடிச்சிட்டு எங்களுக்குக் கடைசிலதான் வரும். ஆனா வரும்டி."

எனக்குச் செத்துப்போகப் பயமாக இருந்தது. அதைவிடப் பயம், நான் செத்தால் பிரிட்டோ மிச்ச வாழ்நாளை எப்படித் தள்ளுவான் என்பது. என்னைக் கொன்றது தான்தான் என்று அவன் முடிவு செய்துவிடுவான். யார் என்ன சொன்னாலும் கேட்க மாட்டான்.

பிறகு ஒரு காலையில் நர்ஸ் கேள்விக்குக் காத்திராமல் கதவைத் திறக்கும்போதே, "வெள்ள வந்துருச்சும்மா, கொஞ்சம்தான், ஆனா வந்துருச்சு" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் இன்னும் ஏறியது. அம்மா பிரிட்டோவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். பின்னால் பஸ் ஹார்ன் மட்டும் கேட்டது.

"சாப்ட்டியாக்கா?" என்றான் கடைசியில்.

சில வாரம் கழித்து, ரத்தத்தில் இருப்பது யாருடைய செல் என்று பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கும். ஆணுடையதில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். என் ரத்தத்தில் பார்த்த செல்கள் எல்லாவற்றிலும் ஒய் இருந்தது. டாக்டரம்மா, "எல்லாம் உங்க தம்பியோடதுதான்" என்றார். போகப் போக ரத்த வகையும் ஓ ஆகிவிடும் என்றார். அப்படியே ஆயிற்று.

பரிசோதனை முடிவு வந்த அன்றைக்குத்தான் பிரிட்டோ முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். மொட்டையாகக் கிடந்த என்னைப் பார்த்தான்.

"முதல்ல குடுத்தேனே, அந்த ரத்தம் இன்னும் உள்ள இருக்காக்கா?"

"சிவப்பணுவுக்கு ஆயுசு நாலு மாசம்டா. அது எப்பவோ போயிடுச்சு. இது நீ ரெண்டாவது குடுத்தது. இது போகாது."

அவன் தலையை ஆட்டினான். அம்மாவுக்கு வேறு கவலை. எனக்கு உடம்பு தேறினால் என் முடியை வேளாங்கண்ணியில் கொடுப்பதாக வேண்டியிருந்தாள். முடியோ மருந்திலேயே கொட்டிப்போயிற்று. "அதுக்கென்ன, நான் என் முடியக் குடுத்துடுறேன்" என்றான் பிரிட்டோ.

"நீ எதையும் குடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்க" என்றாள் அம்மா.

அவன் அதிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகோ சிரித்தான்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். மாத்திரைகள் உண்டு, முகக்கவசம் உண்டு, கைக்குழந்தைக்குப் போடும் தடுப்பூசிகளைத் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். கொல்லைக்குப் போய் வந்தால் கொஞ்ச நேரம் படுக்க வேண்டியிருக்கிறது. கல்லூரிக்கு எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ரத்தம் குறைந்திருக்கிறது, என்ன நோய் என்று இன்னும் சொல்லவில்லை என்று நேற்றே கேள்விப்பட்டிருந்தேன். வழக்கம்போல லோடு ஆட்டோ கிளம்பியிருக்கிறது. பிரிட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்று, சொந்தக்காரர்கள் யாரும் நேரடியாக ஏற்றக்கூடாது, வங்கியில் கொடுங்கள் என்று மறித்திருக்கிறான். கேட்காமல் போகவே ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டான்.

"ஒந் தம்பிக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சொந்த ரத்தத்த ஏத்தாதன்னு எழுதிப் போட்டுருக்கான். ஊரே காறித் துப்புது. நீயாச்சும் படிச்ச பொண்ணு, எடுத்துச் சொல்லு" என்றார் சித்தப்பா.

எனக்கு நீளமாக விளக்கத் தெம்பில்லை. "சித்தப்பா, என் உடம்புல இப்ப ஓடுறது பூராவும் அவன் ரத்தம். அவன் சொல்றதுக்கு மேல நான் என்ன சொல்லப்போறேன்?"

அந்தப் பக்கம் யாரிடமோ, "கொஞ்சம் இருப்பா" என்றார்.

"நான் இப்ப இங்கதாம்மா வரிசைல நிக்கிறேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "அப்ப நான் என்ன செய்ய? திரும்பிப் போயிடவா?"

"போகாதீங்க சித்தப்பா. குடுங்க. பை மேல மட்டும் அவ பேர எழுதச் சொல்லாதீங்க."